ஒன்றரைச் சுவருக்கு 4,450 ரூபாய்

எங்கள் வீடு கும்பகோணத்தில் இருக்கிறது. தாத்தா காலத்து வீடு. தெருவில் நின்று பார்த்தால் 18 அடி அகலம்தான், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை என்று 110 அடி நீளம். சுவரெல்லாம் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சித்திரை வெயிலில் இந்தச் சுவர்களைக் கும்பிடத் தோன்றும். வைஃபை போட்ட பிறகு அதே சுவர்களில் முட்டிக்கொள்ளத் தோன்றியது.

வீட்டிலிருந்தே மூன்று நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இரண்டாம் கட்டில் ஒரு காலத்தில் நெல் கொட்டி வைத்திருந்த அறைதான் என் ஆபீஸ். ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த பையன் தெருக் கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து, ரேழியில் முதல் பிளக் பாயிண்ட் எங்கே இருந்ததோ அங்கேயே பெட்டியை மாட்டினான். "உள்ள வரைக்கும் வருமா தம்பி?" என்று கேட்டேன். "சூப்பரா வரும் சார்" என்றான். இருவரும் ரேழியில் நின்றுதான் பேசிக்கொண்டோம். ரேழியில் சூப்பராகத்தான் வந்தது.

அன்றைக்கே பையனை நெல் அறை வரைக்கும் கூட்டிப் போய் போனில் பார்க்கச் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐந்து மாதம், ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய், மாதம் 12,000 கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் எல்லாம் போன பிறகு, சிக்னலைப் பெருக்குவது என்றால் என்ன என்று கொஞ்சம் புரிந்தது. பணம் போனதைவிட, இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்பதுதான் அதிகமாக உறுத்தியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

திட்டத்தின் வேகம் 100 எம்பிபிஎஸ். நெல் அறைக்கு வந்தது எட்டு, ஒன்பது. அப்லோடு மூன்று. வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைப்பட்டைகள். அதில் 5 கூடத்தைத் தாண்டவே இல்லை. அது சுவர் என்றால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4தான் எப்படியோ தத்தித் தத்தி வந்தது. போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 78 டிபிஎம் என்று காட்டியது. இந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் போன் காட்டும் சிக்னல் கோடுகளை நம்பித்தான் நான் ஏமாந்தேன். டிபிஎம் என்பது வந்து சேரும் சிக்னலின் திறனைச் சொல்லும் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 78ஐவிட மைனஸ் 60 நல்லது. வீடியோ காலுக்கு மைனஸ் 67 அளவிலாவது இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. கூடுவதையும் குறைவதையும் டிபி என்று சொல்வார்கள். 3 டிபி கூடினால் திறன் இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. எதையும் வாங்குவதற்கு முன் இந்தச் செயலியோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, அறை அறையாக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. நான் செய்தது நான்காவது மாதத்தில்.

முதலில் வாங்கியது ஆன்டெனா. இணைப்போடு வந்த பெட்டியில் ஆன்டெனாவைக் கழற்ற முடியாது. பழைய இணைப்புக்கு வாங்கியிருந்த ரவுட்டர் ஒன்று பரணில் கிடந்தது, இரண்டு ஆன்டெனா, இரண்டையும் திருகிக் கழற்றலாம். அதை ரேழிப் பெட்டியோடு ஒரு சின்ன ஒயரில் இணைத்து, 5 டிபிஐ ஆன்டெனாக்களைக் கழற்றிவிட்டு 9 டிபிஐ ஜோடி ஒன்றை 720 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். டிபிஐ என்பது ஆன்டெனா சிக்னலை எவ்வளவு குவித்து அனுப்புகிறது என்பதன் அளவு. முழ நீளம், பார்க்கவே தெம்பாக இருந்தது. நெல் அறையில் மூன்று டிபி கூடியது. அன்று சாயங்காலமே மாடியில் படித்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, நெட் என்ன ஆச்சு?" என்று இறங்கி வந்தாள்.

ஆன்டெனா எதையும் உற்பத்தி செய்வதில்லை. கையில் இருக்கிற மாவு அவ்வளவுதான். சாதாரண ஆன்டெனா அதை மெதுவடையாகப் போடுகிறது. டிபிஐ கூடின ஆன்டெனா அதே மாவைத் தட்டையாகத் தட்டுகிறது, சுற்றளவு கூடும், கனம் குறையும். ஒரே தளத்தில் தூரம் போக வேண்டுமென்றால் நல்லது. மாடியிலும் ஆள் இருந்தால் மாடிக்காரர் பங்கைத்தான் பிடுங்கிக் கொடுக்கிறோம். மகளுக்குப் பரீட்சை நேரம். பழைய ஆன்டெனாவையே திரும்ப மாட்டினேன்.

அடுத்தது பூஸ்டர், அதாவது சிக்னலின் திறனைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர். ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் விசாரித்தபோது, "சார், ஆன்டெனா எல்லாம் வேலைக்காகாது, பவர் ஏத்தணும். இது 4 வாட். ரெண்டு தெரு தள்ளி எடுக்கும்" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளங்கை அளவு அலுமினியம், முதுகில் சூடு போக வரிவரியாகச் சீப்பு மாதிரி வெட்டு. கையில் எடுத்தால் கனமாக இருந்தது. அந்தக் கனத்துக்குத்தான் 4,450 ரூபாய் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

மாட்டிய அன்று எதுவும் நடக்கவில்லை. சிக்னல் முன்பைவிடக் குறைந்தது. இரண்டு நாள் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி டார்ச் அடித்து இணைப்பு முனைகளைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. திருகும் முனைகளில் எஸ்எம்ஏ என்று ஒரு வகை, ஆர்பி-எஸ்எம்ஏ என்று ஒரு வகை. மரை இரண்டுக்கும் ஒன்றே. நடுவில் உள்ள ஊசிதான் இடம் மாறியிருக்கும். என் ரவுட்டர் ஆன்டெனாவின் நடுவில் துளை, பூஸ்டரின் நடுவிலும் துளை. இறுக்கித் திருகினால் கச்சிதமாக உட்காரும், உள்ளே துளையும் துளையும் முகம் பார்த்துக்கொண்டிருக்கும், ஒன்றும் தொடாது. இதில் இன்னொரு ஆபத்து, ஆன்டெனா தொடாமல் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் கொடுத்தால் வெளியே போக வேண்டிய திறன் திரும்பி அதற்குள்ளேயே வந்து அதைச் சுட்டுவிடும். இரண்டு நாளும் பெட்டி கொதித்தது அதனால்தான். 150 ரூபாய்க்கு அடாப்டர் வாங்கினேன். வாங்குவதற்கு முன் நடு ஊசியைப் பாருங்கள், ஒரு பக்கம் ஊசி இருந்தால் மறுபக்கம் துளை இருக்க வேண்டும்.

அடாப்டர் போட்டதும் நெல் அறையில் மைனஸ் 62. கோடுகள் முழுசாக எழும்பி நின்றன. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். காலையில் பதினொன்று, ராத்திரி ஆறு. அப்லோடு இரண்டு, முன்பு இருந்ததைவிடக் குறைவு. மடிக்கணினி சொன்ன இணைப்பு வேகம் 26. இது சர்வர் கோளாறு, இணைப்பு நிறுவனத்தின் கோளாறு என்றெல்லாம் பத்து நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புகார் கொடுத்தேன். வந்தவர் ரேழியில் ஒயரைப் போட்டுச் சோதித்து 94 காட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பத்து நாளில்தான் வாடிக்கையாளர் போனது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் கூட்டம். ஆடிட்டரும் இருக்கிறார், மேலிடத்து ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, முகம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. நான் பேசுவது அவர்களுக்குத் துண்டு துண்டாகப் போகிறது. "சார், உங்க வாய்ஸ் பிரேக் ஆகுது" என்று ஏழெட்டுத் தடவை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன், அங்கே அம்மா சீரியலுக்கு உட்கார்ந்திருந்தார். கடைசியில் நான் விளக்கவேண்டிய இடத்தை வேறொருவர் விளக்கினார். மறுவாரம் மரியாதையான ஒரு மின்னஞ்சல் வந்தது. நேரில் வந்து போகிற மாதிரி உள்ளூர் ஆள் பார்த்துக்கொள்வதாக. அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, பூஸ்டருக்கு 4,450 கொடுத்தது வீட்டில் தெரியாது.

இனி, உறுத்திய விஷயம். என் தாய்மாமா மைக் செட் வைத்திருந்தார். பள்ளி விடுமுறை எல்லாம் அவரோடு கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று குழாய் கட்டப் போனவன் நான். "அவங்க பேசறது எனக்குக் கேட்குது, நான் பேசறது அவங்களுக்குக் கேட்கல" என்ற நிலைமையை மைக் செட்காரன் மருமகனுக்கு யாராவது விளக்கிச் சொல்ல வேண்டுமா? மேடையில் இருப்பவருக்கு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, ஊருக்கே கேட்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவி எழுந்து ஒரு கேள்வி கேட்டால் மேடைக்கு எப்படிக் கேட்கும்? வைஃபை என்பது மேடைப்பேச்சு இல்லை, உரையாடல். ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு துணுக்குக்கும் மடிக்கணினி "வந்தது" என்று பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் போய்ச் சேராவிட்டால் ரவுட்டர் அதையே திரும்ப அனுப்பும். போனும் மடிக்கணினியும் அனுப்பும் திறன் மிகச் சின்னது, பேட்டரியில் ஓடுகிற சாமான். நான் மேடைக்குத்தான் பூஸ்டர் வாங்கியிருக்கிறேன், கிழவிக்கு இல்லை.

பெட்டியின் அட்டையில் இருவழியும் பெருக்கும் என்று போட்டிருந்தது. அது பொய்யில்லை, வாங்கும் பக்கத்துக்கும் உள்ளே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் உண்டு. ஆனால் அது உட்கார்ந்திருப்பது ரேழியில். மூன்று சுவர் தாண்டி மெலிந்து வரும் என் மடிக்கணினியின் குரலை அது பெருக்கியபோது, தெருவில் இருக்கிற 14 வைஃபைகளையும் கூடவே பெருக்கியது, தன் சொந்த இரைச்சலையும் கொஞ்சம் சேர்த்தது. 1948இல் கிளாட் ஷானன் சொன்ன கணக்குப்படி, ஒரு பாதையில் எவ்வளவு தகவல் போகும் என்பது அலைப்பட்டையின் அகலத்தையும், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது. சிக்னலின் உயரத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. போன் காட்டும் கோடுகள் சொல்வதோ அந்த உயரத்தை மட்டும்தான்.

கரகரப்பு இன்னொன்று. ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகினால் குழாயில் பேச்சு ஊருக்குக் கேட்கும், என்ன பேசுகிறார் என்று புரியாது. மாமா எப்போதும் முக்கால் திருகுக்கு மேல் போகவிட மாட்டார். வைஃபை வேகமாகப் போக வேண்டுமென்றால் அலையில் 64, 256 என்று நுணுக்கமான நிலைகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். மலிவு ஆம்ப்ளிஃபயர் அந்த நிலைகளை ஒன்றோடொன்று குழப்பிவிடுகிறது. உடனே ரவுட்டர் வேகத்தைக் குறைத்து, முரட்டு நிலைகளை வைத்து மெதுவாகப் பேச ஆரம்பிக்கிறது. அதுதான் நான்கு கோடும் 26 என்ற வேகமும் ஒன்றாக வந்த மர்மம். போதாததற்கு ரவுட்டரில் இரண்டு ஆன்டெனா, இரண்டும் சேர்ந்து இரண்டு பாதையில் அனுப்பும். பூஸ்டரில் ஒரே முனைதான். ஒரு மாட்டை மட்டும் விரட்டினால் வண்டி எப்படிப் போகும்?

வீட்டை அளந்து பார்த்த அன்று இன்னொரு கணக்கும் போட்டேன். ரேழிச் சுவருக்கு இந்தப் பக்கம் மைனஸ் 41, அந்தப் பக்கம் மைனஸ் 52. ஒரு சுவர் 11 டிபி தின்கிறது, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. சாதாரண ரவுட்டர் 100 மில்லிவாட், பூஸ்டர் 4 வாட். நாற்பது மடங்கு என்று கேட்கப் பெரிதாக இருக்கிறது, டிபியில் வெறும் 16. வெட்டவெளியிலேயே தூரம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் திறன் நான்கு மடங்கு வேண்டும். என் வீட்டில் அந்த நாற்பது மடங்கு ஒன்றரைச் சுவருக்கு வந்தது. இருப்பதோ மூன்று சுவர். கூடத்துச் சுவரில் சாத்தி வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோவை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அதற்குள் அடுத்த வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். "தம்பி, எங்க வீட்ல எந்த ரூமுக்குப் போனாலும் உங்க வைஃபை பேருதான் முதல்ல காட்டுது. எங்களோடது சுத்திக்கிட்டே இருக்கு. ஏதாவது பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார். வைஃபையில் ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருக்க வேண்டும் என்பது விதி. என் குரல் அவர்கள் வீடு முழுக்கக் கேட்டதால் அவர்கள் ரவுட்டர் எனக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நம் நாட்டில் 2005 முதல் 2.4 பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், ஆனால் ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட்டைத் தாண்டக் கூடாது. 4 வாட் பெட்டியில் 5 டிபிஐ ஆன்டெனாவை மாட்டினால் பன்னிரண்டு வாட்டுக்கு மேல் போகும். அட்டையில் போட்டிருந்தது உண்மையாக இருந்திருந்தால் நான் செய்தது சட்டத்துக்குப் புறம்பு. அன்றே கழற்றிவிட்டேன். கடையில் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. செல்போன் சிக்னலுக்கு என்று விற்கிற பூஸ்டர் இதிலிருந்து வேறு சங்கதி. அதை அனுமதியில்லாமல் வைப்பதே தப்பு, பக்கத்திலேயே போகாதீர்கள்.

பிளக்கில் சொருகும் எக்ஸ்டெண்டர் 1,850 ரூபாய்க்கு வாங்கிய கதையை நீட்டவில்லை. கூடத்தில் சொருகினேன். ஒரே ரேடியோவில் ரவுட்டரிடம் கேட்டு, அதே ரேடியோவில் எனக்குத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பதால் வேகம் பாதியானது. 18, 20 வந்தது. பூஸ்டருக்கு இது எவ்வளவோ மேல். பாட்டி காலத்து வீடு இல்லாமல் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டாக இருந்தால் இதோடு நிறுத்தியிருப்பேன். சிக்னல் செத்த இடத்தில் சொருகாதீர்கள், பாதி வழியில் நல்ல சிக்னல் இருக்கிற இடத்தில் சொருகுங்கள்.

இதற்கு நடுவில் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்று. மடிக்கணினியில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ரவுட்டருக்கே பிங் போட்டேன், அதன் முகவரி 192.168.1.1. கூப்பிட்டால் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதுதான் பிங். இணையத்துக்கு இல்லை, வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்கு. பதில் 3, 4 மில்லிசெகண்டில் வர வேண்டும். 5, 380, 12, 'நேரம் கடந்தது', 640 என்று வந்தது. ரேழியில் போய்ப் போட்டால் 2, 2, 3. இணைப்பு நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் இதைச் செய்திருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

மாமாவுக்குப் போன் போட்டது ஐப்பசி மழையில் ஒரு நாள். அவர் தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிறது. வைஃபை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முழுக்கதையையும் கேட்டார். "ஏண்டா, மகாமகக் குளத்துக்கு அந்தாண்ட கரையில கேட்கலேன்னா நான் என்னடா பண்ணுவேன்? இந்தாண்டயிருந்து கத்தவா விடுவேன்? ஒயர இழுத்து அங்க ஒரு குழாயக் கட்டுவேன்ல?" என்றார்.

ஒயர் இழுத்தேன். கேட்-6 என்கிற நெட்வொர்க் ஒயர், வெயில் மழை தாங்கும் கறுப்பு உறை, 32 மீட்டர். கடையில் முதலில் காட்டியது மீட்டருக்குப் பத்து ரூபாய் குறைவு. முனையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது, செம்பு முலாம் பூசிய அலுமினியம். முழுச் செம்பு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ரேழியிலிருந்து கூடத்து விட்டத்தை ஒட்டி, முற்றத்துத் தாழ்வாரத்தின் கீழ், மின்சாரக் குழாய்க்கு ஓரடி தள்ளியே கொண்டுபோய் நெல் அறையில் இறக்கினோம். எலி கடிக்கும் என்பதால் தாழ்வார மூலையில் மட்டும் பிவிசி குழாய்க்குள் விட்டோம். ஒயர், கிளிப், முனை அடித்துக் கொடுத்த பையனின் கூலி எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய்.

அறையில் அந்தப் பழைய ரவுட்டரையே வைத்தேன். அதிலும் ஒரு நாள் வீணானது. இரண்டு ரவுட்டரும் எல்லா போனுக்கும் முகவரி கொடுக்க ஆரம்பித்தால் வீடே நின்றுபோகும், மகள் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் கத்தினார்கள். இரண்டாவது ரவுட்டரில் முகவரி கொடுக்கும் வசதியான டிஹெச்சிபியை அணைக்க வேண்டும், அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும், ஒயரை அதன் வேன் (WAN) துளையில் சொருகாமல் லேன் (LAN) துளையில் சொருக வேண்டும். ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று ஒரு பொத்தான் இருந்தால் இவ்வளவும் தானே நடக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். சேனல், அதாவது அலைவரிசை எண், மட்டும் முன்னதற்கு 1, பின்னதற்கு 11. நெல் அறையில் ஒயரைச் சொருகினால் 93, வைஃபையில் 50க்குக் குறையவில்லை. பிங் 2, 2, 3.

கடைசியாக ஒரு வேடிக்கை. ரேழியில் இருந்து உள்ளே நடந்து வந்தால் போன் ரேழி ரவுட்டரை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தது, பக்கத்தில் புது ரவுட்டர் இருந்தும். ரேழிப் பெட்டியின் அமைப்புக்குள் போய் அனுப்பும் திறனைத் தேடினேன். 'உயர்' என்று இருந்தது. 'நடுத்தரம்' ஆக்கினேன். போன் கூடத்தைத் தாண்டும்போதே தானாக மாற ஆரம்பித்தது. அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டேன், அவர்களுக்கும் இப்போது தொந்தரவு இல்லையாம்.

பூஸ்டர் பரணில் கிடக்கிறது. விற்றுவிடலாம் என்று போட்டோ எடுத்தேன், இரண்டாயிரத்துக்குக்கூட ஆள் கிடைத்தார். திருவிடைமருதூர்க்காரர், பழைய நீளமான வீடு, பின்கட்டுக்கு சிக்னல் வரவில்லை என்றார். அவரிடம் ஒயர்க் கடையின் முகவரியைக் கொடுத்தேன்.